தம்பி வீட்டு வாசலில் நிற்கும் வண்டி

நிறுத்தாதீங்க சார், நீங்க பாட்டுக்குப் போய்க்கிட்டே இருங்க. அட, நிறுத்திட்டீங்களா. சரி, நிறுத்துனதுதான் நிறுத்திட்டீங்க, ஸ்டாண்டு போட்டுட்டு இப்பிடி வேப்பமரத்து நிழலுக்கு வாங்க. பெட்ரோலெல்லாம் இருக்கு. பிளக்கு புதுசு. ஐப்பசி மாசம் மட்டும் மூணு பிளக்கு மாத்தியிருக்கேன். கிக்கர உதைக்காதீங்க, உதைச்சாலும் கிளம்பாது, உங்களுக்குக் கால் வலிதான் மிச்சம். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. இன்னிக்கு லீவு போட்டுருக்கேன். மில்லுக்குத்தான் போய்க்கிட்டு இருக்கேன்.

இது தொண்ணூத்தொண்ணாம் வருச மாடல். கம்பெனி பேரெல்லாம் எதுக்கு, பாவம், அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. ஒத்த உதை சார். ஒரே ஒரு உதையில கிளம்புன வண்டி. நான் மில்லுல வேலைக்குச் சேந்த வருசம் வாங்குனது. வாங்கி ஒரு மாசத்துல என் தம்பி, அப்ப அவனுக்குப் பதினேழு வயசு, நான் ஷிப்டுக்குப் போயிருந்த நேரம் பாத்து மொத்த வண்டியையும் பிரிச்சு முத்தத்துல பரப்பிட்டான். நான் வந்து அலறுன அலறல்ல சாயங்காலத்துக்குள்ள திரும்ப மாட்டிட்டான். வண்டி முன்னைக்கு இப்ப நல்லாவே ஓடுச்சு. ஆனா ஒரு நட்டு மிச்சம். அந்த நட்டு எந்த எடத்து நட்டுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. சாவிக்கொத்துல கோத்து வச்சிருக்கேன், இந்தா பாருங்க. ஒரு சாட்சி வேணும்ல.

நான் மில்லுல ஸ்டோர் கீப்பர். முப்பத்திச் சொச்சம் வருசம். பேரிங்கு, பெல்ட்டு, போல்ட்டு, எல்லாம் என் கை வழியாத்தான் வெளிய போகும். மிசினப் பத்தி எனக்கு ஒருத்தன் வந்து சொல்லணும்னு இல்ல. எதையும் கழட்டிப் பாத்ததில்ல, அது வேற விசயம்.

கோளாறு ஆரம்பிச்சது ஆயுத பூசைக்கு மறுநாள். அதுக்கு முந்தின நாள் வண்டியக் கழுவித் தொடச்சு, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி, எல்லாம் முறைப்படிதான் செஞ்சேன். ஹெட்லைட்டுக்கு ஒரு பொட்டு, ரெண்டு கண்ணாடிக்கும் ரெண்டு பொட்டு, டேங்க் மூடிக்கு நடுவுல நல்லாக் கனமா ஒரு சந்தனப் பொட்டு, அதுக்கு மேல குங்குமம். டேங்க் மூடிதான சார் வண்டிக்கு நெத்தி? என் வீட்டுக்காரி பவுன்தாய் சந்தனத்தக் கல்லுல உரசுவா. கடையில விக்கிற பொடியெல்லாம் எங்க வீட்டுல ஆகாது. அவ உரசுன சந்தனம் காஞ்சா ஓடு மாதிரி இறுகிப்போயிரும், நகத்தால கீறுனாலும் வராது.

மறுநாள் காலையில கிளம்புனேன். ஒரே உதை. ஜம்முனு போகுது. எங்க ஊருலருந்து மில்லு பன்னெண்டு கிலோமீட்டரு. ஏழு கிலோமீட்டர் வந்தாச்சு. இந்தா இந்த ஓடைப் பாலத்து ஏத்தம் இருக்குல்ல, அதுல ஏறையில லேசா முக்குச்சு. ரெண்டு இருமல் இருமுச்சு. இந்த வாசல்ல வந்து அணைஞ்சுருச்சு. எந்த வாசல்னு கேக்கலையே நீங்க? அந்தா, போர்டு தெரியுதுல்ல, குரு மோட்டார் ரீவைண்டிங் ஒர்க்ஸ். பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை முன்னால, வீடு பின்னால. அதுதான் என் தம்பி வீடு. ஞானகுருன்னு பேரு. வண்டியப் பிரிச்ச அதே ஆளு. எங்களுக்குள்ள பேச்சு நின்னு பதினோரு வருசம் ஆச்சு.

ஏன்னு கேளுங்க. நீங்களே நியாயம் சொல்லுங்க. இந்த வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வச்சான். பத்திரிகை அடிச்சான். கீழ 'தங்கள் நல்வரவை விரும்பும்'னு பேரு வரிசை போடுவாங்கல்ல, அதுல மொதப் பேரு யாரு பேரு வரணும்? அப்பா இல்லாத வீட்டுல அண்ணன் பேருதான வரணும்? இவன் மொதப் பேரா யாரப் போட்டிருந்தான் தெரியுமா, பொண்டாட்டியோட அண்ணன! தனுஷ்கோடி. பேருக்குப் பக்கத்துல தொழிலதிபர்னு வேற. என்ன தொழிலு? சோடாக் கம்பெனி. அதுலயும் கோலி பாதி நாள் உள்ள போகாது. ரெண்டாவதுதான் என் பேரு. வெறும் சோலைமலை. ஸ்டோர் கீப்பர்னுகூட இல்ல. யாரோ வழியில போனவன் பேரு மாதிரி இருந்துச்சு.

கேட்டேன். 'அச்சாபீஸ்ல மாத்திப் போட்டுட்டாங்கண்ணே'ன்னான். சார், எனக்கு எந்தப் பொய் வேணும்னாலும் தாங்கும், தான் செஞ்ச காரியத்த அச்சாபீஸ்காரன் தலையில கட்டுறவன மட்டும் நான் மனுசனாவே மதிக்க மாட்டேன். அங்கயே சொன்னேன், இனி உன் வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்டான்னு. அத்தன சனத்துக்கு முன்னாடி. அடுப்புல பால் பொங்குறதுக்குள்ள கிளம்பி வந்துட்டேன். சொன்னா சொன்னதுதான். பதினோரு வருசமா தெனம் இந்த வாசலத் தாண்டித்தான் போறேன், கழுத்த இந்தப் பக்கம் திருப்புனதில்ல. எந்தப் பக்கம் சன்னலு, எந்தப் பக்கம் மாட்டுக்கொட்டம்னு எல்லாம் தெரியும், ஆனா திருப்புனதில்ல.

அப்பேர்ப்பட்ட வாசல்ல வந்து வண்டி நின்னா எப்பிடி இருக்கும்? எறங்குனேன். பெட்ரோல் இருக்கான்னு மூடியத் தொறந்து பாத்தேன், ஆட்டிப் பாத்தேன், தளும்புது. மூடிட்டு உதைச்சேன். கிளம்பிருச்சு! மில்லு வரைக்கும் ஒரு மக்கர் இல்ல. சரி, ஏதோ தூசின்னு விட்டுட்டேன். மறுநாள் அதே ஏத்தம், அதே இருமல், அதே வாசல். மூடியத் தொறந்து பாத்தேன், பெட்ரோல் இருக்கு, மூடுனேன், உதைச்சேன், கிளம்பிருச்சு. மூணாம் நாளும் அப்பிடியே. அதுலயும் ஒரு சூட்சுமத்தக் கவனிங்க. காலையில போகையிலதான் நிக்கும். சாயங்காலம் திரும்பி வரையில நிக்கவே நிக்காது. மில்லுக்கும் எங்க ஊருக்கும் நட்டநடுவுல ஒரு பங்க் இருக்கு, அங்க நிறுத்தி, மூடியத் தொறந்து ஒரு லிட்டர் போட்டுட்டு நேரா வீட்டுக்குத்தான். போகையில நிக்கிது, வரையில நிக்கலன்னா அதுக்கு என்ன அர்த்தம்?

என்ன சிரிக்கிறீங்க? இருங்க, முழுசாக் கேளுங்க.

பிளக்க மாத்துனேன். அப்புறம் பங்க்ல போய் தண்ணி கலந்துட்டீங்கன்னு சண்டை போட்டேன். அந்தப் புள்ள ஒரு பாட்டில்ல புடிச்சு வெயில்ல காட்டுச்சு, சுத்தமா இருந்துச்சு, அதுக்காக விட்ற முடியுமா, பேசுனத வாபஸ் வாங்காம வந்துட்டேன். அதுக்கப்புறம் எங்க ஊரு மெக்கானிக் அமல்ராஜ்கிட்ட விட்டேன். அவன் கார்புரேட்டரக் கழட்டி, ஜெட்ட ஊதி, பாயிண்ட்டத் தேச்சு, காயில மாத்தி, டேங்க் மூடியத் தொறந்து வச்சுக்கிட்டே அரை மணி நேரம் ஓட விட்டான். இருமல் இல்ல, தும்மல் இல்ல. ஒரு மூணு கிலோமீட்டர் ஓட்டிட்டும் வந்தான். 'அண்ணாச்சி, வண்டிக்கு ஒண்ணுமே இல்ல. மூடியில இந்தச் சந்தனம் மட்டும் அப்பிக்கெடக்கு, தொடச்சிரவா?'ன்னான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். சாமி சமாச்சாரத்துல கை வச்சா கை வெளங்காதுடான்னேன். அவன் துணியக் கீழ போட்டுட்டான்.

டூ-ஸ்ட்ரோக் வண்டி, சைலன்சருக்குள்ள கரி அடைக்கும்னு இன்னொருத்தன் சொன்னான். அதக் கழட்டி வைக்கோல் வச்சுக் கொளுத்துனோம். தெரு முழுக்கப் பொகை. பக்கத்து வீட்டு மாடு கயித்த அத்துக்கிட்டுக் கண்மாய்க்குள்ள எறங்கிருச்சு. அதப் புடிச்சுட்டு வர்றதுக்குள்ள அன்னிக்கு அரை நாள் போச்சு. வண்டி மறுநாளும் இந்தா இங்கதான் நின்னுச்சு.

கடைசியில ஒரு நாள், கொஞ்சமாப் பெட்ரோல் கெடக்கிறதாலதான் ஏத்தத்துல நிக்கிதோன்னு டேங்க ரொப்பிட்டேன். என்னாச்சு தெரியுமா? ஏழாவது கிலோமீட்டர் வரைக்கும்கூட வரல. அஞ்சாவது கிலோமீட்டர்ல, கண்மாய்க்கரையிலயே படுத்துருச்சு. அப்பத்தான் சார் எனக்குப் பொறி தட்டுச்சு. ரொப்புன டேங்கு முன்னாடியே நிக்கிதுன்னா இது மிசின் கோளாறே இல்ல. செய்வினை. எவனோ வச்சிருக்கான், அதோட எல்லை நாளுக்கு நாள் விரியுது. எவன்னு நான் சொல்லணுமா? எந்த வாசல்ல நிக்கிதோ அந்த வாசல்காரன்தான்.

குறி கேக்கப் போனேன். கோடாங்கி உடுக்க அடிச்சுட்டு, 'உன் ரத்தமே உன்னை மறிக்கிது'ன்னாரு. பாத்தீங்களா? நான் ஒரு வார்த்த சொல்லல சார். தம்பி வீட்டு வாசல்ல வண்டி நிக்கிதுன்னு மட்டும்தான் சொன்னேன், அவரு அதுலருந்து எப்பிடிக் கண்டுபிடிச்சாரு பாருங்க. ஒரு பொட்டலம் விபூதி குடுத்து, சந்தனத்துல கொழைச்சு தெனமும் வண்டி நெத்தியில சாத்துன்னாரு. சாத்துனேன். அதுக்கு முன்னாடி நிக்கிறப்ப ரெண்டு தடவ இருமும். சாத்த ஆரம்பிச்சதும் இருமல் நின்னு போச்சு. பொசுக்குன்னு அணையும். கொஞ்சங் கொஞ்சமாக் குணமாகுதுன்னு நெனைச்சுக்கிட்டேன்.

இதுக்கு நடுவுல என் மக கல்யாணம் கூடி வந்துருச்சு. தர்ஷினி. தை மாசம் முகூர்த்தம். பையன் தென்காசிப் பக்கம், நல்ல எடம். பத்திரிகை எழுத உக்காந்தோம். பவுன்தாய் பேனாவப் புடிச்சுக்கிட்டா. 'மொதல்ல சித்தப்பன் பேர எழுதுங்க, அப்புறம் மத்ததப் பேசலாம்'னா. நான் முடியாதுன்னேன். சண்டை. என் மக வந்து நின்னா. சத்தம் போடல. 'அப்பா, எல்.கே.ஜி. படிக்கையில என்னைய அந்த டேங்க் மேல உக்கார வச்சுப் பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போனது யாரு? சித்தப்பா வரலன்னா நான் மணவறையில வந்து உக்கார மாட்டேன். உங்க மச்சினரு புள்ளையில யாரையாவது உக்கார வச்சுக்கங்க'ன்னுட்டு உள்ள போயிட்டா. பொம்பளப் புள்ளைக்கு அவ்வளவு வாய். எங்க வீட்டுல யாருக்குமே அப்பிடி வீம்பு கெடையாது, யாரப் பாத்து வந்துச்சுன்னு தெரியல.

சித்தப்பனுக்குன்னா தபால்லயா அனுப்ப முடியும்? தட்டுல வெத்தலை பாக்கு, பழம், தேங்காய் வச்சு, வீடு தேடிப் போய், உள்ள உக்காந்து, கையில குடுக்கணும். உள்ளன்னா வாசப்படியத் தாண்டி. அதுவும் கார்த்திகை முடியுறதுக்குள்ள. மார்கழி பொறந்துட்டா எங்கள்ல பத்திரிகை வைக்க மாட்டாங்க, அப்புறம் தையில எல்லாருக்கும் கடைசியாக் கொண்டுட்டு வந்து நீட்டுனா, அது வராதடான்னு சொல்ற மாதிரி. எனக்குத் தூக்கம் போச்சு சார். வெக்கத்த விட்டுச் சொல்றேன், பயமா இருந்துச்சு. நான் போய் நின்னு, அவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா? நான் பதினோரு வருசம் திருப்புன கழுத்துதான, அவன் ஒரு நாள் திருப்ப எவ்வளவு நேரமாகும்?

இந்த வாசல்ல நான் தெனம் காலையில மூடியத் தொறந்து மூடிக்கிட்டு நிக்கிறேன்ல, அத அவன் பாத்துக்கிட்டேதான் இருப்பான். அந்தா, அந்தப் பட்டறைக்குள்ள உக்காந்து செம்புக் கம்பியச் சுத்திக்கிட்டே பாப்பான். எந்திரிச்சு வர மாட்டான். ஒரு நாள் அவன் வீட்டுக்காரி இந்திராணி வந்து, காம்பவுண்டு சுவத்து மேல ஒரு சொம்புத் தண்ணிய வச்சுட்டு உள்ள போயிருச்சு. நான் குடிக்கல. மறுநாளும் வச்சுச்சு. வெயிலு பாருங்க, குடிச்சேன். தண்ணிக்கு என்ன பகை? அடுத்த வாரம் சொம்புக்குப் பதிலா காபி. டம்ளருக்கு மேல ஒரு மூடி போட்டு. சுவருன்னா அது ரோட்டுச் சொவரு, வீட்டுக்குள்ள கணக்கில்ல. நின்ன வாக்குலயே குடிச்சுட்டு டம்ளரக் கவுத்தி வச்சுட்டுப் போயிருவேன். நல்ல காபி சார் அது. பவுன்தாய்கிட்ட சொல்லிராதீங்க.

இப்பிடியே ஒண்ணரை மாசம் ஓடிருச்சு. மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு நாள், லேசாத் தூறல். அன்னிக்கு மூடியத் தொறந்து மூடியும் வண்டி கிளம்பல, உதைச்ச உதையில பிளக்கு நனைஞ்சு போச்சோ என்னமோ. உதைக்கிறேன், உதைக்கிறேன், மூச்சு வாங்குது. நிமிந்து பாத்தா எதுக்க நிக்கிறான். ஞானகுரு. கிட்டத்துல பாத்தேன், தலை பூரா நரைச்சுருச்சு சார் அவனுக்கு. என்னைய விட நாலு வயசு சின்னவன். கையில ரெண்டு விரல் நீளத்துக்குச் செம்புக் கம்பி. டேங்க் மூடியில இருந்த சந்தனத்தக் கம்பியால சுரண்டுனான். சுரண்டுனா, உள்ள கடுகு அளவுக்கு ஒரு ஓட்டை. இத்தன வருசம் வச்சிருக்கேன், மூடியில ஓட்டை இருக்கிறது எனக்குத் தெரியாது. கம்பிய உள்ள விட்டுக் குத்துனான். பிளக்கக் கழட்டித் துண்டால தொடச்சு மாட்டுனான். ஒரே உதை. அவன் உதைச்சதுதான்.

அப்புறம் வாயத் தொறந்தான். 'அண்ணே, பெட்ரோலு கீழ எறங்க எறங்க மேல காத்து போகணும். இந்த ஓட்டை வழியாத்தான் போகும். நீ இதச் சந்தனம் வச்சு அடைச்சுட்ட. கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் உள்ள இழுத்துப் புடிச்சுக்கும், பெட்ரோலு எறங்காது. நீ மூடியத் தொறந்தா காத்து போயிரும், திரும்ப ஓடும்.' இவ்வளவுதான். பதினோரு வருசம் கழிச்சுப் பேசுற மொதப் பேச்சு, நல்லாருக்கியான்னு இல்ல, காத்தப் பத்திப் பேசுறான்.

எனக்கு ஆத்திரம். 'எப்படா தெரியும் உனக்கு?'ன்னேன். 'ரெண்டாம் நாளே தெரியும்'னான். 'அப்ப ஏன்டா சொல்லல, நாயி மாதிரி ஒண்ணரை மாசம் நிக்கிறேனே?' அதுக்கு என்ன சொன்னான் தெரியுமா? கம்பிய மடக்கிக்கிட்டே, கீழ பாத்துக்கிட்டு, 'சொல்லியிருந்தா நீ அப்புறம் நிக்க மாட்டியே'ன்னான். பாருங்க சார் கொழுப்ப. ஒருத்தன் தூறல்ல நனைஞ்சு நிக்கிறத வேடிக்க பாக்குறதுல அவ்வளவு ஆசை. வண்டிய எடுத்துட்டுப் போயிட்டேன். தட்டு, பத்திரிகை எல்லாம் அன்னிக்கு நெனப்புலயே வரல.

அமல்ராஜ் இந்த ஓட்டை சமாச்சாரத்தக் கேட்டுட்டுத் தலையில அடிச்சுக்கிட்டான். கோடாங்கியோ வேற மாதிரி சொன்னாரு, வச்சவன் கையாலயே எடுக்க வச்சுட்டேன் பாத்தியாங்கிறாரு. ரெண்டுல எது சரின்னு நான் உள்ள போகல. வண்டி ஓடுச்சு. அதுதான் சேதி.

ஓடுச்சுன்னா, ஓட்டமான ஓட்டம். ஏத்தத்துல முக்கல் இல்ல. மறுநாள் காலையில இந்த வாசலுக்கு வர்றேன், நாப்பதுல வர்றேன், நிக்கல. சர்ருன்னு தாண்டிருச்சு. சுவத்துல பாத்தேன். காபி டம்ளரு இருந்துச்சு, மூடி போட்டு. பிரேக்க மிதிக்கலாம்னா, நல்லா ஓடுற வண்டிய நிறுத்திட்டு எறங்குனா அதுக்கு என்ன பேரு? வண்டி நின்னா நிக்கிறது வேற. நானா நிறுத்துனா நான் தோத்துட்டேன்னு ஆயிரும்ல. போயிட்டேன். அதுக்கு மறுநாளும் டம்ளரு இருந்துச்சு. மூணாம் நாளும் இருந்துச்சு. நாலாம் நாள் இல்ல.

அந்த நாலாம் நாள் மில்லுல நான் பேரிங்கு கேட்டவனுக்குப் பெல்ட்டக் குடுத்து அனுப்பிட்டேன் சார். முப்பத்திச் சொச்சம் வருசத்துல மொதத் தடவ. வீட்டுல சோறு எறங்கல. பவுன்தாய் என்னான்னு கேட்டா. வண்டி நல்லா ஓடுதுன்னேன். 'அதுக்கு எதுக்கு எழவு வீட்டுலருந்து வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?'ன்னா. அவளுக்கு மிசினப் பத்தி ஒண்ணும் தெரியாது.

இன்னிக்குக் கார்த்திகையில கடைசி வெள்ளி. வெள்ளிக்கிழமையும் அதுவுமா வண்டிக்குப் பொட்டு வைக்காம எடுக்க முடியுமா? நானே சந்தனத்த உரசுனேன். பவுன்தாய் பாத்துக்கிட்டே இருந்தா, 'ஏங்க, அந்த ஓட்டைய விட்டுட்டுக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்ல'ன்னா. நெத்திப் பொட்ட எவளாச்சும் தள்ளி காதுல வைப்பாளா? சாமி காரியத்துல நமக்கு வசதியான எடமா பாக்குறது? நடுவுலதான் வச்சேன். கொஞ்சம் கனமாத்தான் விழுந்துருச்சு. ராத்திரி காயணுமேன்னு நேத்து சாயங்காலமே வச்சுட்டேன்.

அந்தப் பையா? ஹேண்டில்ல தொங்குறதா? அது சும்மா. தேங்காய், பழம், வெத்தலை பாக்கு, ஒரு தாம்பாளம். மில்லு மேனேஜருக்குப் பத்திரிகை வைக்கலாம்னு. மேல இருக்கிறத எடுத்துப் பாருங்க, தப்பில்ல. பேரு வரிசையில மொதப் பேரு படிங்க. ஞானகுரு. அதுக்குப் பக்கத்துல பொறியாளர்னு போட்டிருக்கும். அவன் எட்டாங்கிளாஸ்தான், ஆனா மோட்டாருக்குள்ள அவன் கை பாயாத எடமில்ல, எழுதுனா என்ன தப்பு. எழுத்து மத்ததவிடக் கொஞ்சம் பெருசா இருக்கா? நான் ஒண்ணும் சொல்லல சார். அது அச்சாபீஸ்காரன் செஞ்ச வேலை. தனுஷ்கோடி பேரும் இருக்கு. கடைசியில, வாழை மரப் படத்துக்குக் கீழ. கண்ணாடி இருந்தா தெரியும்.

மணி என்ன? பத்தேகாலா? பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும். பொறந்துட்டா பன்னெண்டு வரைக்கும் தட்டத் தொட முடியாது. வழக்கமா வண்டி நின்ன ரெண்டாவது நிமிசம் எட்டிப் பாக்குற ஆளு, இன்னிக்குப் பாத்து ஆளக் காணோம். பட்டறையில லைட்டு எரியுதா பாருங்க. எனக்குக் கண்ணு தெரியல. எரியுதா? அப்ப உள்ளதான் இருக்கான். டேபிள் பேன் சத்தத்துல கேட்டிருக்காது. இல்ல, கேட்டும் வராம இருக்கானோ? மூணு வாரமா நிக்காமப் போனேன்ல, அவனும் மனுசன்தான.

ஏய், ஏய், சார்! கைய எடுங்க! அதச் சுரண்டாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். தெரியும் சார், அந்த ஓட்டைதான்னு தெரியும், மூணு வயசுப் புள்ளைக்குக்கூடத் தெரியும். அத நீங்க எடுத்தா வண்டி கிளம்பிரும். கிளம்பிட்டா நான் போகணும். அவன் வந்து எடுக்கட்டும். அவன்தான் எடுக்கணும்.

கோவிச்சுக்காதீங்க. ஒரே ஒரு உதவி பண்ணுங்க. உங்க வண்டியில ஆரன் நல்லாருக்குமா? என் வண்டி ஆரன் போன வருசமே செத்துப்போச்சு. ஒண்ணே ஒண்ணு அடிங்க. எனக்காக இல்ல, ரோட்டுல மாடு வருது. இல்லையா? வரும் சார், இந்தப் பக்கம் நெறைய மாடு. அடிங்க. இன்னும் கொஞ்சம் நீளமா.

வர்றான்.

சார், அந்தப் பைய இப்பிடிக் குடுங்க. கையில கம்பி வச்சிருக்கானா? வச்சிருக்கான். சிரிக்கிறானா, மொறைக்கிறானா, சொல்லுங்களேன், எனக்குக் கண்ணு தெரியலங்கிறேன்ல. தண்ணி கட்டிக்கிச்சு. வயசாச்சுல்ல.

என்னடா... ஆமாடா, மறுபடியும் அடைச்சுக்கிச்சு. அதே ஓட்டைதான். வெள்ளிக்கிழமை, சாமி காரியம், உங்க அண்ணிதான் கனமா வச்சுட்டா. இருடா, இருடா. அத இப்பக் குத்தாத. மொதல்ல உள்ள போவோம். செருப்ப இங்கயே விட்றேன், செருப்பில்லாமப் போனா மிதிச்ச கணக்கு இல்ல. இந்திராணி, தாயி, அந்தக் காபிய இன்னிக்குச் சொவத்துல வைக்க வேண்டாம்த்தா.

நீங்க கிளம்புங்க சார். நின்னதுக்கு ரொம்ப நன்றி. இந்த வண்டி இப்போதைக்கு ஸ்டார்ட் ஆகாது.